கிழியாத தாள்

விதி இதுதான்: தாளில் முளைக்கவைத்த நாற்றுகளில் நஞ்சு தாக்கிய அறிகுறி தெரிந்தால், அந்த எண்ணிக்கையை முடிவாக எழுதாமல், அதே விதையை மணலிலோ மண்ணிலோ இன்னொரு முறை முளைக்கப் போட்டுப் பார்க்க வேண்டும். இது எங்கோ அடிக்குறிப்பில் ஒளிந்திருக்கும் விதி அல்ல. முளைப்புத்திறன் பற்றிய அத்தியாயத்திலேயே, படிக்கத் தெரிந்த எவரும் படிக்கும்படி இருக்கிறது. யாரிடமாவது அனுமதி கேட்க வேண்டும் என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. பகுப்பாய்வாளர் பார்க்கிறார், சந்தேகப்படுகிறார், மணலில் போடுகிறார், அவ்வளவுதான். பணிக்காலம் முழுவதும் விதிகளோடு குடித்தனம் நடத்தியவன் நான்; இவ்வளவு சுருக்கமான, இவ்வளவு நியாயமான விதியை அதிகம் பார்த்ததில்லை. அது ஒரு வருடம் எப்படி வேலை செய்யாமல் போனது என்று சொல்வதென்றால், எங்கள் மேடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஓய்வு பெறுவதற்கு முன் நான் ஒரு விதைப் பரிசோதனை நிலையத்தில் கண்காணிப்பாளராக இருந்தேன். அதன் பெயரும் ஊரும் இங்கே தேவையில்லை. ஆண்டிபட்டிக் கணவாய்க்கும் கம்பத்துக்கும் நடுவில் எங்கோ என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரியில் வேதியியல் படித்துவிட்டுக் கோப்புகளிடம் வந்து சேர்ந்தவன். மேடம் அங்கே மூத்த பகுப்பாய்வாளர். அவருக்குப் பெயர் இருந்தது. அது கையெழுத்துக்கு மட்டும்தான் பயன்பட்டது. காவலாளியிலிருந்து ஆய்வுக்கு வரும் அதிகாரி வரை எல்லோருக்கும் அவர் மேடம். தினமும் போடியிலிருந்து பேருந்தில் வருவார். முழங்கை வரை மடித்துவிட்ட வெள்ளை அங்கி, ஒட்ட வெட்டிய நகங்கள். ஈரத் தாளைப் பிரிக்கும் அந்த விரல்கள்தான் இன்றும் முதலில் ஞாபகத்துக்கு வருகின்றன. தூங்கும் குழந்தையின் கையிலிருந்து கிலுகிலுப்பையை எடுப்பதுபோலப் பிரிப்பார். அவசரமே தெரியாது. ஆனால் எங்கள் எல்லோரையும்விட முன்னால் முடித்திருப்பார்.

வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு எங்கள் வேலை விளையாட்டாகத் தோன்றும். ஈரமான தாளை விரித்து, அதன்மேல் விதைகளை வரிசையாக வைத்து, இன்னொரு ஈரத் தாளால் மூடி, பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டி, ரப்பர் வளையம் மாட்டி, முளைப்பு அறை என்கிற இரும்பு அலமாரிக்குள் நிற்க வைப்போம். குறித்த நாளில் எடுத்துப் பிரித்து, நல்ல நாற்று எத்தனை, கோணல் நாற்று எத்தனை, செத்த விதை எத்தனை என்று எண்ணுவோம். அந்த எண்ணிக்கைதான் ஒருவருடைய மூட்டைகள் விதையா பருப்பா என்று தீர்ப்புச் சொல்லும். தேறினால் மூட்டைக்கு நீல அட்டை கட்டலாம். தேறாவிட்டால் மில்லுக்கு அனுப்ப வேண்டியதுதான். ஆக, விதையின் விதி என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்டதெல்லாம், விதைக்கும் எங்களுக்கும் நடுவில் இருந்த ஒரு தாளை நம்பித்தான் இருந்தது.

அந்தத் தாள்தான் முதலில் எங்களைப் படுத்தியது. சில வருடங்களாக வந்துகொண்டிருந்த தாள், காய்ந்திருக்கும்போது அரசாங்கக் கோப்பின் அட்டை மாதிரி விறைப்பாக நிற்கும். நனைந்தால் தோசை மாவு. பிரிக்கும்போது பாதி கையோடு வரும், பாதி நாற்றோடு போகும். வேர் தாளின்மேல் ஓடாமல் உள்ளே புகுந்து மறுபக்கம் எட்டிப் பார்க்கும். இழுத்தால் வேர் முனை அறுந்துவிடும். அறுந்தது நம்மாலா, பிறவிக் குறையா என்று யார் சொல்வது? மேடம் ஒவ்வொரு வேரையும் குனிந்து பார்ப்பார்; நான் அவருடைய கழுத்து வலிக்கான மருத்துவச் செலவுக் கோரிக்கையைப் பார்ப்பேன்.

காரணம் எளிமையானது. தாள் என்பது தண்ணீரில் கூழாய்க் கிடந்த நார்கள், தண்ணீர் வடிந்து காயும்போது ஒன்றை ஒன்று பற்றிக்கொண்டு நிற்பது. பசை எதுவும் வேண்டாம். நாரும் நாரும் நெருங்கினாலே பிடிப்பு வந்துவிடும். ஆனால் அந்தப் பிடிப்பு தண்ணீர் இல்லாதவரைதான். தண்ணீர் திரும்பி வந்தால் நார்கள் அதைப் பிடித்துக்கொண்டு ஒன்றை ஒன்று விட்டுவிடும். நீளமான நாராக இருந்தால் விட்ட பிறகும் பின்னிக்கொண்டு கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். எங்களுக்கு வந்ததோ பழைய காகிதத்தை மறுபடி மறுபடி அரைத்துச் செய்தது; குட்டை நார், அரைபட்டு அரைபட்டு முனை மழுங்கிய நார். நார்களை இன்னும் அடித்து நசுக்கினால் காய்ந்த தாளின் பலம் கூடும், ஆனால் அப்போது அது தண்ணீர் குடிக்காது; குடிக்காத தாள் விதைக்கு எதற்கு? நனைந்த பிறகும் பிடி விடாமல் இருக்க வேண்டுமென்றால் தாள் செய்யும்போதே ஒரு பிசின் சேர்க்க வேண்டும். அது சூட்டில் இறுகி, நார்களுக்கிடையே தண்ணீரால் அவிழ்க்க முடியாத முடிச்சுகளைப் போட்டுவிடும். எந்தப் பிசின் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

எங்கள் கொள்முதல் பட்டியலில் இதெல்லாம் ஏற்கெனவே முறையாக எழுதியிருந்தது. தாளில் நஞ்சு இருக்கக் கூடாது, புளிப்புத் தன்மை இருக்கக் கூடாது, தண்ணீரை நன்றாக உறிஞ்ச வேண்டும், வேர் உள்ளே புகக் கூடாது, நனைந்தாலும் கிழியக் கூடாது. ஐந்தும் ஒரே பக்கத்தில். ஆனால் அந்த வருடம் மேடம் தனியாக ஒரு புகார்க் கடிதம் எழுதினார். அதில் இருந்தது ஒரே ஒரு வாக்கியம்: ஈரத்தில் கிழியாத தாள் உடனடியாகத் தேவை. பெரிய பட்டியல் கோப்பில் இருந்தது, சின்னக் கடிதம் மேசைமேல் இருந்தது. எங்கள் அலுவலகங்களில் மேசைமேல் இருப்பதற்குத்தான் உயிர்.

கொள்முதலைப் பார்த்துக்கொண்டிருந்த அலுவலர் சின்னமனூர்க்காரர். கெட்டவர் இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். திராட்சைத் தோட்டக் குடும்பம். அவருக்கு அந்த வாக்கியத்தைப் படித்ததும் முகம் மலர்ந்துவிட்டது. “கிழியாத தாளா? இதுக்காகவா மேடம் இத்தனை நாளு கஷ்டப்பட்டீக? எங்க தோட்டத்துல கொத்துக்கு மாட்டுறோமே பை, ஐப்பசி மழையில நாள் பூரா நனைஞ்சு தொங்கும், ஒரு கீறல் விழாது. அந்தத் தாளையே சுருளா வாங்கிரலாம்” என்றார். மேடம் அந்த மாதம் முழுக்கப் பயிற்சிக்காகக் கோயம்புத்தூர் போயிருந்ததால், இதைத் தொலைபேசியில்தான் கேட்டார். இரைச்சலில் என்ன கேட்டாரோ, ‘நல்ல தாளா பார்த்து வாங்குங்க சார்’ என்று சொல்லியிருக்கிறார். அது ஒப்புதலாகக் குறிக்கப்பட்டது.

தாள் வந்து இறங்கியபோது சோதனையும் நடந்தது. நடக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஸ்டோர் ரூமில் ஒரு தாளை வாளித் தண்ணீரில் முக்கி, கொள்முதல் அலுவலர் ஒரு முனையும் ஸ்டோர் கீப்பர் மறு முனையுமாகப் பிடித்து இழுத்தார்கள். தேர் வடம் இழுப்பதுபோல இழுத்தார்கள். ஸ்டோர் கீப்பரின் செருப்பு வழுக்கியதே தவிர, தாள் கிழியவில்லை. ‘பரிசோதிக்கப்பட்டு ஏற்கப்பட்டது’ என்று முத்திரை வைத்தோம்.

அந்தத் தாளில் முதலில் சுருட்டப்பட்ட மாதிரிகளில் ஒன்று மயிலாடும்பாறை உளுந்து. அதை அனுப்பியவர் ஒரு பெண். நாற்பத்தைந்து வயதிருக்கும். எங்கள் பதிவேட்டில் விதை உற்பத்தியாளர். அலுவலகத்தில் அவர் பெயர் மயிலாடும்பாறைக்காரம்மா. கணவர் மேகமலை எஸ்டேட்டில் லாரி ஓட்டினார். நிலத்தைப் பார்த்தது இவர்தான். விதை உற்பத்திக்குப் பதிவு செய்தபோது ஊரில் சிரித்திருக்கிறார்கள். அதிகம் சிரித்தவர் கொழுந்தன். “எங்க கொழுந்தனாரு சொன்னாக, ‘மதினி, உளுந்தப் போட்டு இட்லி அவிக்கிறதவிட்டுட்டு வெதை விக்கப் போறீகளாக்கும்’னு. நீல அட்டையக் கட்டி அவுக வீட்டு வாசல்லயே ஒரு மூட்டைய இறக்குறேனா இல்லையான்னு பாருங்க சார்” என்று என் மேசை முன்னால் நின்று சொன்னார். ஊரில் பாதிப் பேர் புரட்டாசி விதைப்புக்கு அவரிடம் சொல்லி வைத்திருந்தார்கள். தேறினால் அடுத்த வருடமும் விதைக்காரி. தேறாவிட்டால் இட்லிக்காரி. அவருக்கு இடையில் வேறு எதுவும் இல்லை.

மேடம் பயிற்சி முடித்துத் திரும்பிய மறுநாள் அந்தச் சுருள்களைப் பிரித்தார். முதல் சுருளைப் பிரித்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டது நினைவிருக்கிறது. அறையின் இந்தக் கோடியில் இருந்த எனக்கே மூக்கில் ஏறியது; கல்லூரியில் தவளையை ஊறப்போட்ட ஜாடியைத் திறந்தால் வருமே, அந்த நெடி, மெலிதாக. தாள் என்னவோ அருமையாகப் பிரிந்தது. ஒரு இழை கையில் ஒட்டவில்லை. உள்ளே உளுந்து முளைத்திருந்தது. ஆனால் வேர்கள் எல்லாம் குட்டையாக, முனை பழுப்பேறி, தீக்குச்சி அணைந்த மாதிரி நின்றன. செத்த விதை அழுகும், பூசணம் பிடிக்கும். இது அப்படி இல்லை. புறப்பட்டு வந்து, எதையோ தொட்டு, நின்றுவிட்ட வேர். மேடம் புளிப்புத் தன்மை பார்க்கும் தாள் துண்டை ஈரத்தில் ஒற்றி எடுத்தார். அது நல்ல சிவப்பாக மாறியது.

“படிகாரம் சார்” என்றார் என்னிடம். “பிசின் இறுகணும்னு படிகாரத்தை அள்ளிப் போட்டிருக்காங்க. பிசினும் சரியா வேகல, பாதி அப்படியே நெடியா நிக்குது. தோட்டத்துல தொங்குறப்ப காத்தும் மழையும் அடிச்சிட்டுப் போயிரும். நாம சுருட்டி, மூடி, சூடு வச்சு உள்ள அடைச்சிருக்கோம்.” பிறகு தனக்குத்தானே சொல்வதுபோல, “கிழியாத தாள் கேட்டேன். கொடுத்துட்டாங்க” என்றார்.

கட்டு முழுவதையும் அன்றே ஓரங்கட்டச் சொன்னார். மீதிச் சோதனைகளைப் பழைய தோசை மாவுத் தாளிலேயே செய்தோம். ஆனால் மயிலாடும்பாறை உளுந்தின் எண்ணிக்கை அதற்குள் கணினியில் ஏறிவிட்டது. அவர் இல்லாத நாளில் இன்னொருவர் இடைநாளில் எடுக்கும் முதல் எண்ணிக்கையைப் பதிந்திருந்தார்; பதிந்த பிறகு திரும்பப் போட்டால் அது மறுசோதனை. இங்கேதான் நான் முதலில் சொன்ன விதி வேலை செய்திருக்க வேண்டும். நஞ்சு அறிகுறி, மணல், மறுசோதனை. ஆனால் எங்களிடம் ஒரு சுற்றறிக்கையும் இருந்தது. எங்கோ ஒரு மாவட்டத்தில் தேறாத விதையைத் தேறும்வரை திரும்பத் திரும்பச் சோதித்துக் கொடுத்தார்கள் என்று புகார் போய், எந்த மறுசோதனையும் தலைமையிடத்தின் முன் அனுமதியின்றிச் செய்யக் கூடாது என்று உத்தரவாகியிருந்தது. விதிக்கும் சுற்றறிக்கைக்கும் முரண்பாடு வந்தால் விதிதான் மேல் என்பது எனக்குத் தெரியும், எல்லோருக்கும் தெரியும். ஆனால் விதி அலமாரியில் இருக்கும். சுற்றறிக்கை கண்ணாடிக்கு அடியில், மேசைமேல் இருக்கும். மேடம் ஓய்வு பெறச் சில மாதங்களே இருந்தன. அந்தச் சமயத்தில் ஒருவர்மேல் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்தால் ஓய்வூதியம் எவ்வளவு காலம் ஊசலாடும் என்று நானே பலருக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

ஆகவே அனுமதி கேட்டு எழுதினோம். பொருள், பார்வை, இணைப்பு என்று ஒன்றும் விடாமல் நான்தான் வரைவு போட்டேன். விதைப்புக் காலம் நெருங்குவதால் விரைந்து ஆணையிட வேண்டும் என்று கடைசி வரியில் சேர்த்தேன். அதற்கிடையே அறிக்கை அனுப்பும் கெடுவும் வந்துவிட்டது. மேடம் குறிப்பு எழுத விரும்பினார்: தாளில் நச்சு அறிகுறி உள்ளது, மணல் மறுசோதனை நிலுவை. கணினிப் படிவத்தில் குறிப்புக்கு இடம் இல்லை. இறுதி எண் ஒன்று போட வேண்டும். போட்டால் அதுவே ‘தகுதி இல்லை’ என்று அச்சடித்துக்கொள்ளும். தாளாலே வந்த தவறுக்கு இன்னொரு தாள் சான்று.

அறிக்கை போய்ச் சேர்ந்த மறுநாள் மயிலாடும்பாறைக்காரம்மா வந்துவிட்டார். நான் சமாதானமாக ஏதோ ஆரம்பித்தேன். அவர் என்னைத் தாண்டி நேரே மேடத்தின் மேசைக்குப் போனார். “ஏத்தா மேடம், என் வெதை செத்துப்போச்சுன்னு எழுதிட்டீகளாமுல்ல? வீட்டுல நான் சும்மா பித்தளைத் தட்டுல போட்டு ஈரத் துணிய மூடி வச்சதே வெரல் நீளத்துக்கு வந்து நிக்குது. செத்தது எங்கிட்டு இருந்து வந்துச்சு, இங்கன இருந்தா?” மேடம் எதுவும் மறைக்கவில்லை. சுருளைக் காட்டினார், வேரைக் காட்டினார், தாளை மோந்து பார்க்கச் சொன்னார். அந்தம்மா மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தார். “அடி ஆத்தி! ஆஸ்பத்திரி நாத்தம். அப்போ காயிதந்தான் செத்துருக்கு. வெதை சாகல.”

“அதைத்தான் எழுதிக் கேட்டிருக்கோம். பதில் வரணும்.”

“எப்ப வரும்?”

மேடம் என்னைப் பார்த்தார். பதில்கள் எப்போது வரும் என்பது என் துறை. நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

மறுவாரம் அந்தம்மா ஒரு சாக்குப் பையில் மணல் கொண்டுவந்தார். அவர்கள் ஊரை ஒட்டிய ஆற்று மணல். “எங்க மணலு. இதுல போட்டுப் பாருங்க. இதுவும் சாகுதான்னு பாப்போம்.” மேடம் அதைச் சலித்து, கழுவி, வாணலியில் வறுத்து ஆறவைத்து, உடைந்த பிளாஸ்டிக் தட்டு ஒன்றில் நிரப்பி, முத்திரையிட்டு அலுவலகத்தில் எடுத்துவைத்திருந்த காப்பு மாதிரியைத் தொடாமல், அந்தம்மா கையோடு கொண்டுவந்திருந்த உளுந்தையே ஊன்றினார். பதிவேட்டில் ஏறாத சோதனை. கை கழுவும் தொட்டிக்குப் பின்னால், வெளிச்சம் விழும் ஜன்னலடியில் அது இருந்தது. ஆய்வுக்கு அதிகாரி வந்த அன்று ஒரு பழைய வேட்டித் துண்டை அதன்மேல் போட்டு மூடியவன் நான். மணலில் உளுந்து கும்பலாக எழுந்து நின்றது. எண்ணிப் பார்த்தோம், நீல அட்டைக்குத் தாராளமாகப் போதும். ஆனால் பதிவேட்டில் இல்லாத முளைப்பு முளைப்பு ஆகாது. மேடம் தட்டை மறுபடி ஜன்னலடிக்கே தள்ளி வைத்தார். “அருமையா இருக்கு. கையெழுத்துப் போட முடியாத அளவுக்கு அருமையா இருக்கு” என்றார்.

இரண்டு நினைவூட்டுக் கடிதங்கள் அனுப்பினேன். முதலாவதற்கு, இணைப்பு தெளிவாக இல்லை, மீண்டும் அனுப்பவும் என்று வந்தது. அனுப்பினோம். இரண்டாவதற்கு ஒன்றும் வரவில்லை. புரட்டாசி பாதி ஆனது. மேகமலைப் பக்கம் மேகம் கட்டத் தொடங்கியது. மாடியிலிருந்து பார்த்தால் கறுத்த மலை தெரியும். மேடம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அங்கே போய் நிற்பதை நான் கவனித்தேன். மழை இறங்கிவிட்டால் கேள்விக்கே அர்த்தம் இல்லை.

அப்போதுதான் மேடம் விதைச் சட்டத்தின் கடைசிப் பக்கங்களில் இருந்த ஒரு விலக்கை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். தான் விளைவித்ததைத் தன் இடத்திலேயே வைத்து, விதைக்கப் போகிறவருக்கு நேராகக் கொடுக்கும் விவசாயியை இந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது. அட்டை தேவையில்லை, சான்று தேவையில்லை. கடையில் வைத்து விற்கத்தான் தடை. நான் இரண்டு முறை படித்துப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. சட்டம் எழுதியவர்களில் யாரோ ஒருவருக்கு வயலைத் தெரிந்திருக்கிறது. அந்தம்மாவை வரவழைத்துச் சொன்னோம். அவர் முகத்தில் அன்றுதான் பழைய சிரிப்பைப் பார்த்தேன். “அப்போ வீட்டு வாசல்லயே குடுக்கலாமா? போலீஸ் வராதே? வந்தா மேடம் பேரச் சொல்லுவேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

போனவர் நான்கைந்து நாளில் திரும்பி வந்தார். உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தார். வழக்கமாக உட்கார மாட்டார். யாரும் வாங்க வரவில்லை. சொல்லி வைத்திருந்த பாதி ஊரில் ஒரு வீடு வரவில்லை. “எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு சார். கொழுந்தனாரு டீக்கடையில உக்காந்து, ‘கவர்மெண்டு காயிதத்துலயே செத்துப்போச்சுன்னு வந்திருச்சு, அத மண்ணுல போடச் சொல்றாக மதினி’ன்னு சொல்லிட்டாக. நான் தட்டுல முளைச்சதக் கொண்டுபோய்க் காமிச்சேன். மணல்ல முளைச்சதயும் சொன்னேன். ‘மணல்ல வந்தா அத எழுதித் தரச் சொல்லு’ங்குறாக. எழுதித் தாங்க மேடம்.”

மேடத்தால் எழுதித் தர முடியவில்லை. நாங்கள் இத்தனை வருடம் ஊர் ஊராய்ப் போய்ச் சொன்னதுதான் அது: சான்று இல்லாத விதையை வாங்காதீர்கள், பரிசோதனை முடிவை நம்புங்கள். கூட்டம் போட்டுச் சொல்லியிருக்கிறோம், தட்டி வைத்துச் சொல்லியிருக்கிறோம். ஒருவரும் கேட்கவில்லை என்று ஆண்டறிக்கையில் வருத்தப்பட்டிருக்கிறோம். கேட்டிருக்கிறார்கள். நன்றாகவே கேட்டிருக்கிறார்கள்.

மழை இறங்கியது. அந்தம்மா தன் நிலத்துக்கு வேண்டியதை மட்டும் எடுத்து விதைத்தார். மிச்ச மூட்டைகளைத் தேனிக்கு ஏற்றிவிட்டார். மில்லில் உடைத்துத் தோல் நீக்கிப் பருப்பாக்கிவிட்டார்கள். கணவர்தான் லாரியில் கொண்டுபோனார். ஏற்றும்போது கொழுந்தன் ஒரு கை பிடித்தாராம். “பாவம், மூட்ட தூக்க நல்லாத்தான் ஒத்தாசை பண்ணுனாக” என்று பிறகு சொன்னார், எரிச்சல்கூட இல்லாமல்.

கார்த்திகை கடைசியில் மேடம் ஓய்வு பெற்றார். சால்வை, மாலை, எவர்சில்வர் குடம். பாராட்டிப் பேசியவர்களில் கொள்முதல் அலுவலரும் ஒருவர்; அவர் காலத்தில்தான் கிழியாத தாள் வந்தது என்று பெருமையாகச் சொன்னார். அவருக்கு அதுவரை யாரும் விவரமாகச் சொல்லியிருக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. மேடம் சிரித்துக்கொண்டே கைதட்டினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டு, “சார், மயிலாடும்பாறைக்குப் போகணும். தனியாப் போனா அந்தம்மா திட்டும். நீங்களும் வாங்க” என்றார்.

போனோம். பேருந்திலிருந்தே வயல் தெரிந்தது. நான் விவசாயி இல்லை, எனக்கே தெரிந்தது. ஒரு இடைவெளி இல்லாமல், பாத்தி பாத்தியாக, கரும்பச்சையாக உளுந்து நின்றது. மேடம் வரப்பில் இறங்கி, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு செடியை மெல்லப் பிடுங்கி வேரைப் பார்த்தார். அதே விரல்கள், அதே அவசரமின்மை. வேர் வெள்ளையாக, நீளமாக, முடிச்சு முடிச்சாக இருந்தது. அந்தம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார். “என்ன மேடம், உசுரு இருக்கா? எண்ணிப் பாக்கணும்னா எண்ணிக்கங்க. எங்க காட்டுல எண்ண அனுமதி வேண்டாம்.” மேடம் குனிந்தார். அந்தச் செடியைத் திரும்ப அதே குழியில் வைத்து, மண்ணை அணைத்து, விரலால் அமுக்கிவிட்டார். பிடுங்கிய செடி இனிப் பிழைக்காது என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். பக்கத்து வயல்களில் கடையில் வாங்கிய அட்டை விதை, அங்கங்கே சொட்டை. வேலி ஓரத்தில் நின்ற ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். “அதுதான் கொழுந்தனாரு” என்றார் அந்தம்மா, குரலைத் தாழ்த்தாமல். “நேத்து வந்து அடுத்த வருசத்துக்கு வெதை வேணும்னு கேட்டாக. நான் வெதைக்காரி இல்லையே, பேர எடுத்துட்டாகளே, ஆபீசுல போய்க் கேளுங்கன்னுட்டேன்.”

திரும்பும் பேருந்தில் மேடம் விரலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டார். கண்டமனூர் தாண்டியதும், “நான் போட்ட கையெழுத்துல தப்பானது இது ஒண்ணுதான்னு நினைக்கிறேன் சார். மத்ததெல்லாம் எப்படின்னு யாருக்குத் தெரியும், யாரும் மணலைத் தூக்கிட்டு வரலையே” என்றார். எனக்கும் களைப்பாக இருந்தது. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். இப்போதும் சின்னமனூர்ப் பக்கம் போகும்போது, தோட்டங்களில் மழைக்குப் பிறகு சொட்டச் சொட்டத் தொங்கும் காகிதப் பைகளைப் பார்க்கிறேன். நன்றாகத்தான் இருக்கின்றன. அவற்றின்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவை எந்த வேலைக்குச் செய்யப்பட்டனவோ அதைச் செய்கின்றன; அலுவலகங்களைப் பற்றி நான் அப்படிச் சொல்ல முடியாது.

பதில் வந்தபோது மேடத்தின் நாற்காலியில் வேறொருவர் இருந்தார். அவருக்கு விஷயம் தெரியாது. உறையைப் பிரித்து என்னிடம் அனுப்பிவிட்டார். அதில் இருந்தது: பார்வையில் கண்ட கடிதத்தின்பேரில், மேற்படி உளுந்து விதைக் குவியலை மணல் ஊடகத்தில் மறுசோதனை செய்ய அனுமதி அளிக்கப்படுகிறது; விதைப்புக் காலத்துக்கு முன் முடித்து அறிக்கை அனுப்புக. நான் மேடத்திடம் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். “அந்தம்மாகிட்ட நீங்களே சொல்லிருங்க” என்று வைத்துவிட்டார். மயிலாடும்பாறைக்கு அழைத்தேன். பின்னால் கம்பு விழும் சத்தம் கேட்டது. களத்தில் உளுந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். விஷயத்தைச் சொன்னேன்.

“எந்த உளுந்துக்கு சார் அனுமதி குடுத்துருக்காக?” என்று கேட்டார். “மில்லுல ஒடைச்சதுக்கா, இங்கன அடிக்கிறோமே இதுக்கா?”

நான் கடிதத்தில் முத்திரை வைத்து, வந்து சேர்ந்த நாளைக் குறித்தேன்: போகிக்கு முந்தின நாள்.